ரத்தம் உறைய எத்தனை செகண்டு?

கண்ணாடி விரியன் எப்படி இருக்கும் என்று எங்கள் சாத்தான்குளம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் வேலை செய்யும் குடும்பங்களில் அதைப் பார்த்துப் பதறாத ஆள் குறைவு. அந்தக் கடியோடு ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு முதலில் செய்யும் பரிசோதனை மிக எளிமையானது. சுத்தமான, ஈரமில்லாத புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு குழாயைச் சாய்ப்பார்கள். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீர் மாதிரி ஓடினால், விஷம் ரத்தம் உறையும் சரக்கையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும்.

அதே விரியனின் விஷம், மிக மிக நீர்த்த வடிவில், பெரிய லேப்களின் ஃபிரிட்ஜில் சின்ன பாட்டிலில் இருக்கிறது. கடிபட்டவருக்காக இல்லை. திரும்பத் திரும்பக் கரு கலையும் பெண்ணுக்காகவும், முப்பது வயதில் பக்கவாதம் வந்து விழுந்த ஆளுக்காகவும், ஒரு காரணமும் இல்லாமல் கால் வீங்கி உள்ளே ரத்தக்கட்டி பிடித்தவருக்காகவும். லேப் வேலையில் இருக்கும் என்னிடம் ஊர்ப் பெண்கள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டி, "எக்கா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்கப்படும் ரிப்போர்ட்டுகளில் ஆளை அதிகமாகக் குழப்புவது இந்த ஆன்டிபாடி ரிப்போர்ட்தான். அதனால்தான் இந்த நீளமான பதிவு.

நோயின் பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.பி.எஸ். என்பார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடிகள், சொந்த உடம்பின் செல் சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளையும் அதோடு ஒட்டியிருக்கும் புரதங்களையும் எதிரி என்று நினைத்துப் பிடிக்கின்றன. விளைவு, ரத்தம் உறையக் கூடாத இடத்தில் உறைகிறது. கால் ரத்தக்குழாயில், நுரையீரலில், மூளையில், கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில். லூபஸ் என்ற நோய் உள்ளவர்களிடம் இது அதிகம். ஆனால் வேறு எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் வரும்.

இதைக் கண்டுபிடிக்க 3 பரிசோதனைகள் உண்டு. லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1. மூன்றும் ஒன்றல்ல. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவும் வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் பாதி டெஸ்டோடு "நார்மல்தான்" என்று வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மூன்றில் முதலாவதான லூபஸ் ஆன்டிகோயாகுலண்டைப் பிடிக்கத்தான் விரியன் விஷம். அந்த விஷயத்தை முதலில் முடிக்கிறேன். அதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1780களில் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்தார். சோழமண்டலக் கரையோரப் பாம்புகளைச் சேகரித்து, எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று பிரித்து 1796-இல் படங்களோடு பெரிய புத்தகம் போட்டார். ஆங்கிலேயர்கள் கண்ணாடி விரியனுக்கு வைத்த பெயர் அவருடையது. பிறகு 1934-இல் லண்டனில் மெக்ஃபார்லேன் என்ற டாக்டரும், விலங்குக்காட்சி சாலையில் ஊர்வனப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பர்கெஸ் பார்னெட்டும் பல பாம்புகளின் விஷத்தை ரத்தத்தில் விட்டுப் பார்த்தார்கள். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தைக்கூட விரியன் விஷம் மளமளவென்று உறைய வைத்தது. நீர்த்த விஷத்தை, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குப் புண்ணின் மேல் வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள்.

உறைய வைக்கும் விஷம் என்றால், கடிபட்டவர் ரத்தம் ஏன் தண்ணீராக ஓடுகிறது? உடம்புக்குள் ஏறிய விஷம் உறைதல் வேலையைக் கண்ட இடத்தில் எல்லாம் தூண்டிவிட்டு, அதற்கு வேண்டிய காரணிகளை முழுக்கச் செலவழித்துவிடுகிறது. கையிருப்பு தீர்ந்த பிறகு உறைய எதுவும் மிச்சமில்லை. சோதனைக் குழாயில் துளி விஷத்தை அளந்து விட்டால் அந்தத் தூண்டுதல் மட்டும்தான் நடக்கும். அது நேராகப் போய்ப் பத்தாம் காரணியைத் தட்டி எழுப்புகிறது. அதற்கு முந்தைய படிகளை எல்லாம் தாண்டிவிடுவதால், கணக்குப் பார்க்கச் சுத்தமான பாதை கிடைக்கிறது.

இந்தப் பாதையை வைத்து ஆன்டிபாடியைப் பிடிக்கும் முறையை 1986-இல் 'பிளட்' என்ற மருத்துவ இதழில் எழுதிய மூவரில் முதல் பெயர் பெருமாள் தியாகராஜன். கூட எழுதியவர்கள் விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷப்பிரோ. அமெரிக்காவில் வேலை செய்த தியாகராஜன் 1980-லேயே, ஷப்பிரோவோடு சேர்ந்து, ஒரு நோயாளியின் ரத்தத்தில் இருந்த ஐஜிஎம் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, அது பாஸ்போலிப்பிடைப் பிடித்துக்கொள்வதால்தான் உறைதல் தாமதமாகிறது என்று காட்டியிருந்தார். அந்த அறிவின் மேல் கட்டியதுதான் விரியன் டெஸ்ட். டி.ஆர்.வி.வி.டி. என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் எழுத்துகளில் 'ஆர்.வி.' என்பது ரஸ்ஸல் விரியன்தான். ஒவ்வொரு முறையும் அந்த எழுத்துகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். நம் மண்ணின் பாம்பு, தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு டாக்டர்.

எப்படி வேலை செய்கிறது? ரத்தம் உறையும் காரணிகள் காற்றில் நின்று வேலை செய்வதில்லை. அவற்றுக்கு நிற்க ஒரு பரப்பு வேண்டும். கொத்தனாருக்குச் சாரம் கட்டுவது மாதிரி. அந்தச் சாரம்தான் பாஸ்போலிப்பிட். பிளாஸ்மாவில் விரியன் விஷமும், கொஞ்சமே கொஞ்சம் பாஸ்போலிப்பிடும், கால்சியமும் சேர்த்தால், ஏறக்குறைய அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடத்துக்குள் சாதாரண ஆளின் பிளாஸ்மா உறைந்துவிடும். ஆன்டிபாடி இருந்தால் அது போய்ச் சாரத்தில் உட்கார்ந்துகொள்ளும். கொத்தனாருக்கு இடமில்லை. நேரம் இழுக்கும். சரி, வேறு ஏதாவது காரணி குறைவாக இருந்தும் நேரம் இழுக்கலாமே? அதற்காக நோயாளியின் பிளாஸ்மாவோடு நல்ல பிளாஸ்மாவைக் கலந்து பார்ப்பார்கள். குறைபாடு என்றால் கலந்ததும் சரியாகிவிடும். ஆன்டிபாடி என்றால் நல்ல பிளாஸ்மாவையும் சேர்த்துத் தாமதமாக்கும். கடைசியாக, பாஸ்போலிப்பிடை நிறையக் கொட்டிப் பார்ப்பார்கள். ஆன்டிபாடி உட்கார்ந்த பிறகும் சாரத்தில் இடம் மிச்சம் இருப்பதால் நேரம் குறைந்துவிடும். முதல் நேரத்துக்கும் கடைசி நேரத்துக்கும் உள்ள விகிதம் சுமார் 1.2-ஐத் தாண்டினால் பெரும்பாலான லேப்கள் பாசிட்டிவ் என்று எழுதும். ஒவ்வொரு லேபும் தன் எல்லையைத் தானே கணக்கிட வேண்டும் என்பதால் ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருக்கும் எல்லையைப் பார்ப்பதுதான் சரி. விரியன் டெஸ்டோடு, ஏ.பி.டி.டி. என்ற உறைதல் நேரக் கணக்கின் அடிப்படையிலான இன்னொரு டெஸ்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்றில் தப்பிப்பது இன்னொன்றில் மாட்டும்.

குழாயில் உறைய நேரமாகிறது, ஆனால் உடம்புக்குள் வேண்டாத இடத்தில் உறைகிறது. இது முரண்பாடாகத் தெரியும். மருத்துவர்களையே பல வருடம் குழப்பிய இடம் இது. 1952-இல் கான்லி, ஹார்ட்மன் என்ற இருவர் லூபஸ் நோயாளிகளின் ரத்தம் குழாயில் உறையத் தாமதமாவதை எழுதினார்கள். அந்த நோயாளிகளில் சிலருக்கு ரத்தக்கசிவு இல்லை, மாறாக ரத்தக்கட்டி வருகிறது என்பதை 1963-இல்தான் போவியும் அவரோடு இருந்தவர்களும் எடுத்துச் சொன்னார்கள். குழாயில் செல்கள் இல்லை. உடம்பில் ரத்தக்குழாயின் உட்சுவர் இருக்கிறது, தட்டணுக்கள் இருக்கின்றன, வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஆன்டிபாடி அவற்றின் மேல் ஒட்டி அவற்றை உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட செல்கள் உறைதலைத் தொடங்கிவைக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் ஏ.பி.டி.டி. நீண்டிருக்கிறது என்று பார்த்ததும், ரத்தம் நிற்காது என்று பயப்படுவது இயல்பு. இந்த ஆன்டிபாடி காரணமாக நீண்டிருந்தால் பயம் நேர் எதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஆன்டிபாடியின் கதை மேகநோய் டெஸ்டில் ஆரம்பிக்கிறது. அந்தக் கதையில் குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1906-இல் ஜெர்மனியில் வாஸர்மன் என்பவர் சிஃபிலிஸ் என்ற அந்த மேகநோய்க்கு முதல் ரத்தப் பரிசோதனை கொண்டுவந்தார். கிருமியைத்தான் பிடிக்கிறோம் என்று நினைத்தார்கள். பிறகு பார்த்தால், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறும் அதே வேலையைச் செய்தது. அந்தச் சாற்றில் உள்ள பொருளை 1941-இல் மேரி பேங்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி பிரித்தெடுத்தார். இதயத்தில் கிடைத்த கொழுப்பு என்பதால் கார்டியோலிப்பின். நம் ஊர்ப் பிரசவ கார்டில் காலங்காலமாக இருந்துவரும் வி.டி.ஆர்.எல். டெஸ்ட் இந்தக் கார்டியோலிப்பினை வைத்துச் செய்வதுதான். அது சிஃபிலிஸ் கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை. கார்டியோலிப்பினைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஏ.பி.எஸ். உள்ளவருக்கும் அந்த ஆன்டிபாடி உண்டு. ஆக, கிருமியே இல்லாமல் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் வரலாம்.

அமெரிக்காவில் 1930களிலிருந்து பல மாநிலங்கள் கல்யாணத்துக்கு முன் இந்த டெஸ்டைக் கட்டாயமாக்கின. ராணுவத்தில் சேர்பவர்களுக்கும் எடுத்தார்கள். எந்தத் தப்பும் செய்யாத ஆயிரக்கணக்கானவர்கள் மேல் சந்தேகம் விழுந்தது. 1949-இல் கிருமியையே நேரடியாக வைத்துச் செய்யும் டெஸ்ட் வந்த பிறகுதான் அவர்களில் பலருக்குச் சிஃபிலிஸே இல்லை என்று நிரூபணமானது. 1952-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூர், மோர் என்ற இருவர் இன்னொன்றையும் கவனித்தார்கள். மாதக்கணக்கில் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருந்தவர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், பின்னால் லூபஸ் போன்ற நோய்களோடு வந்தார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. வேறொரு நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

கர்ப்பமாக இருந்த ஒரு பொண்ணு, வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்ற தாளோடு என் முன்னால் நின்றதை நான் மறக்கவே மாட்டேன். ஊரும் பேரும் வேண்டாம். "எக்கா, அவிய ரெண்டு நாளா எங்கூடப் பேசலை. அத்தை என்னைய அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லுதாவ. நான் என்னக்கா பண்ணுனேன்?" என்றாள். டி.பி.எச்.ஏ. என்ற உறுதிப்படுத்தும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். நெகட்டிவ். அவளுக்கு முன்பே இரண்டு கரு கலைந்திருந்தது. அந்தத் தகவலும் இந்தப் பொய்ப் பாசிட்டிவும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மகப்பேறு மருத்துவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வி.டி.ஆர்.எல். மட்டும் பாசிட்டிவ் என்று வந்த தாளை உறுதிப்படுத்தாமல் வீட்டில் யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மிச்சக் கதை லண்டனில். கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் 1970களில் ஜமைக்காவில் கொஞ்சகாலம் வேலை பார்த்தார். அங்கே நரம்பு நோயாளிகள் சிலரிடம் மேகநோய் டெஸ்ட் பொய்யாகப் பாசிட்டிவ் ஆவதைப் பார்த்தது அவர் மனதில் தங்கிவிட்டது. லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்த, கயானா நாட்டுக்காரரான நைஜல் ஹாரிஸ், அஸீஸ் கரவி என்ற இன்னொரு ஆய்வாளர், இவர்கள் எல்லாம் சேர்ந்து 1983-இல் கார்டியோலிப்பின் ஆன்டிபாடியை வி.டி.ஆர்.எல்.-ஐவிடப் பல மடங்கு நுட்பமாக அளக்கும் டெஸ்டை வெளியிட்டார்கள். அதே வருடம் ஹியூஸ், ரத்தக்கட்டி, கருச்சிதைவு, மூளை பாதிப்பு மூன்றையும் ஒரே நோயின் முகங்களாகக் கோத்து எழுதினார். இன்றும் சிலர் இதை ஹியூஸ் சிண்ட்ரோம் என்பார்கள்.

மூன்றாவது, 1990-இல் வந்தது. சிட்னியில் ஒரு குழு, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் ஒன்று, ஜப்பானில் ஒன்று. தனித்தனியாக மூவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆன்டிபாடியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துவிட்டால் அது கார்டியோலிப்பினைப் பிடிக்கவில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு புரதம் கூட இருந்தால்தான் பிடிக்கிறது. அதுதான் பீட்டா-2 கிளைகோபுரோட்டீன்-1. உண்மையான குறி கொழுப்பு அல்ல, கொழுப்பின் மேல் ஒட்டியிருக்கும் அந்தப் புரதம். சிஃபிலிஸிலும் வேறு தொற்றுகளிலும் வரும் ஆன்டிபாடி பெரும்பாலும் கொழுப்பை மட்டும் பிடிக்கும். ரத்தக்கட்டி உண்டாக்குவது புரதத்தைப் பிடிக்கும் வகை. மூன்றாவது டெஸ்ட் ஏன் அவசியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி நம் வீட்டுப் பெண்களுக்கு வருகிறேன்.

"ரெண்டு தடவ தங்கலை மயினி, மூணாவதும் போயிருச்சு." திருச்செந்தூர் முருகனிடமும், உவரி அந்தோணியாரிடமும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலிலும் நேர்ந்துகொள்ளும் பெண்களை எனக்குத் தெரியும். நேர்ந்துகொள்ளட்டும். கூடவே இந்த மூன்று டெஸ்டும் எடுக்க வேண்டும். 10 வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்கள், 10 வாரத்துக்குப் பிறகு, உருவம் சரியாக இருந்த குழந்தையை வயிற்றுக்குள்ளேயே இழந்தவர்கள், ரத்தக்கொதிப்பு கடுமையாக ஏறி 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டி வந்தவர்கள். இவர்களில் யாரும் டெஸ்ட் எடுக்காமல் அடுத்த கர்ப்பத்துக்குள் போகக் கூடாது. இரண்டு முறை கலைந்ததுமே எடுத்துப் பார்க்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அது சரிதான் என்பது என் எண்ணம். மூன்றாவது இழப்புக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

வழக்கத்தில் என்ன நடக்கிறது என்றால், தொற்றுகளைப் பார்க்கும் 'டார்ச்' டெஸ்ட் எடுக்கிறார்கள். எந்தக் காலத்திலோ வந்துபோன ரூபெல்லாவுக்கும் சி.எம்.வி.க்கும் ஐஜிஜி பாசிட்டிவ் வரும். பெரும்பாலோருக்கு வரும். அதற்கு மருந்து, அதற்கு மறு டெஸ்ட் என்று பணம் போகும். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு டார்ச் எடுக்கும்படி எந்த முக்கிய வழிகாட்டியும் சொல்வதில்லை. அந்தப் பணத்தில் எடுக்க வேண்டியது இந்த மூன்று. இன்னொரு குழப்பம், 'பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி ஐஜிஜி, ஐஜிஎம்' என்ற பெயரில் பல லேப்களில் ஒரு பொதுவான டெஸ்ட் இருக்கிறது. பல கொழுப்புகளைக் கலந்து வைத்துச் செய்வது. அது நான் சொன்ன மூன்றில் சேராது. சீட்டில் 'ஏ.பி.எல்.ஏ.' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த டெஸ்டை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. டாக்டரிடம் மூன்றின் பெயரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இதற்கு மருந்து இருக்கிறது. 1997-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் ராஜ் ராயும் அவர் குழுவும் இந்த ஆன்டிபாடி உள்ள, திரும்பத் திரும்பக் கரு கலைந்த 90 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கு உயிரோடு குழந்தை பிறந்தது. ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டவர்களில் 71 சதவீதம். தினமும் வயிற்றில் போடும் ஊசி. வலிக்கும், நீலம் பூக்கும், செலவும் உண்டு. ஆனால் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்கள் மருமகளாக, மகளாக நம் தெருவிலேயே இருக்கிறார்கள், கையில் பிள்ளையோடு.

இப்போது ரிப்போர்ட்டைப் படிப்பது. ஒரே ஒரு பாசிட்டிவ் தாளை வைத்து யாருக்கும் ஏ.பி.எஸ். என்று முத்திரை குத்தக் கூடாது. குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்ப எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் கணக்கு. 2006-இல் வந்த சிட்னி வரையறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. காரணம், காய்ச்சல், தொற்று வந்துபோன பிறகு இந்த ஆன்டிபாடிகள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். தொழுநோயிலும் மலேரியாவிலும் கல்லீரல் அழற்சி சி-யிலும் வரும். கோவிட் சமயத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களிடமும் பார்த்தார்கள். ஒரு நோயும் இல்லாத ஆட்களிலும் சிறு சதவீதத்தினரிடம் குறைந்த அளவில் இருக்கும். கார்டியோலிப்பின் 14, 18 என்று லேசாக எல்லை தாண்டியதற்கெல்லாம் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். 40 யூனிட்டுக்கு மேல் இருப்பதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். ஐஜிஜி வகைக்கு எடை அதிகம், ஐஜிஎம் மட்டும் தனியாக வந்தால் எடை குறைவு.

மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியது லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட்தான். மூன்றும் சேர்ந்து பாசிட்டிவ் என்றால் ரத்தக்கட்டியின் ஆபத்து மிக அதிகம். இதில் சோதனைக்கு மிகவும் சிரமமானதும் அதே லூபஸ் ஆன்டிகோயாகுலண்ட்தான். மற்ற இரண்டும் சாதாரண சீரத்தில், எந்த மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் எடுக்கலாம். இது அப்படி இல்லை. இது செகண்டுகளை எண்ணும் டெஸ்ட். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் எந்த மருந்தும் செகண்டுகளைக் கெடுக்கும். ரிவராக்ஸபான் வகை மாத்திரை, விரியன் விஷம் தட்டி எழுப்பும் அதே பத்தாம் காரணியைத்தான் அமுக்குகிறது. ஆன்டிபாடியே இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டிவிடும். வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களிடம் படிப்பதும் கஷ்டம். முடிந்தால் மருந்து தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். கால் வீங்கி அவசரமாக வந்தவருக்கு ஊசி போட்ட பிறகுதான் ஞாபகம் வரும் என்பது வேறு. உயிர்தான் முதலில், டெஸ்ட் பிறகு. தினசரி ஹெப்பாரின் ஊசியில் இருப்பவர் என்றால், கடைசி ஊசி போட்டு 12 மணி நேரமாவது ஆன பிறகு, அடுத்த ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும். டெஸ்டுக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது.

எங்கள் மாதிரிச் சின்ன ஊரின் பிரச்சினை வேறு. டெஸ்ட் இங்கே நடப்பதில்லை. ரத்தம் திருநெல்வேலிக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்கோ இன்னும் தூரமாகவோ போகும். நீல மூடி சிட்ரேட் குழாயில், கோடு வரைக்கும் நிறைய எடுக்க வேண்டும். குறைந்தால் விகிதம் கெட்டுவிடும். எடுத்த உடன் ஒரு தடவை சுழற்றி, மேலே தெளிந்த பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி, இன்னொரு தடவை சுழற்ற வேண்டும். தட்டணுக்கள் மிச்சமில்லாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு தடவை. ஏனென்றால் தட்டணுக்களின் சவ்வே பாஸ்போலிப்பிட்தான். உறைய வைக்கும்போது அவை உடைந்து அந்தக் கொழுப்பு பிளாஸ்மாவில் கலந்துவிட்டால், ஆன்டிபாடி அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், டெஸ்ட் நெகட்டிவ் ஆகிவிடும். நோய் உள்ள பெண்ணுக்கு நோய் இல்லை என்ற தாள் வரும். 4 மணி நேரத்துக்குள் டெஸ்ட் நடக்காது என்றால் பிளாஸ்மாவை ஆழ்ந்த குளிரில் உறைய வைத்து, உருகாமல் அனுப்ப வேண்டும். சித்திரை வெயிலில் பேய்க்குளம் வழியாகப் பஸ்ஸில் போகும் சாதாரணத் தெர்மாகோல் பெட்டியில் இது நடக்கிற காரியம் இல்லை. அதனால் நான் யாரிடமும் இங்கே எடுத்து அனுப்பச் சொல்வதில்லை. பாளையங்கோட்டைக்கு நேரில் போய், எடுக்கும் இடத்திலேயே சுழற்றி உறைய வைக்கும் வசதி உள்ள லேபில் கொடுக்கச் சொல்கிறேன். "ரெண்டு தடவ சுத்துவீங்களா?" என்று அங்கே கேளுங்கள். தெரிந்தவர்கள் மதிப்பார்கள்.

சிகிச்சையில் ஒரு விஷயம் மட்டும். ரத்தக்கட்டி வந்து, மூன்று டெஸ்டும் பாசிட்டிவ் ஆனவர்கள், ஐ.என்.ஆர். என்ற உறைதல் அளவைப் பார்க்கத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாற ஆசைப்படுவது நியாயம்தான். மாதாமாதம் ஊசி குத்தி ஐ.என்.ஆர். பார்ப்பது யாருக்குப் பிடிக்கும்? ஆனால் 2018-இல் இத்தாலியில் முடிந்த டிராப்ஸ் ஆய்வு இதற்குத் தெளிவான பதில் சொல்லிவிட்டது. மூன்றும் பாசிட்டிவ் ஆன 120 பேரில் 59 பேருக்கு ரிவராக்ஸபான், 61 பேருக்கு வார்ஃபரின். ரிவராக்ஸபான் பக்கத்தில் 7 பேருக்கு மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வந்தது. வார்ஃபரின் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். நடத்தியவர் விட்டோரியோ பெங்கோ, 1986-இல் தியாகராஜனோடு விரியன் டெஸ்டை எழுதிய அதே பெங்கோ. ஒரு மனிதர் தன் வாழ்நாளில் ஒரு நோயைக் கண்டுபிடிக்கும் வழியையும், அதில் எந்த மருந்து ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆகவே வார்ஃபரின், அசிட்ரோம்தான். ஐ.என்.ஆர். பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில். கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதே அளவு தொடர்ந்து சாப்பிடுங்கள். கர்ப்பம் தரிக்க நினைத்தால் அதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மாத்திரை கருவுக்கு ஆகாது, ஊசிக்கு மாற்றுவார்கள்.

2023-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் சங்கங்கள் சேர்ந்து புது வரையறை கொண்டுவந்தன. புள்ளி போட்டுக் கூட்டும் முறை. அதில் கருச்சிதைவுக்கு மட்டும் கொடுக்கும் புள்ளி மிகக் குறைவு. மூன்று முறை கரு கலைந்தாலும், வேறு எதுவும் இல்லாத பெண் அந்தக் கணக்கில் தேறமாட்டாள். ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரி நோயாளிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்த வரையறை அது. அந்த வேலைக்கு அது நல்லது என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டி, "உனக்கு ஏ.பி.எஸ். இல்லை, ஊசி வேண்டாம்" என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாது. அந்த வரையறையை எழுதியவர்களே அதை நோயறிவதற்கான அளவுகோலாக எடுக்கக் கூடாது என்கிறார்கள்.

பின்னூட்டத்தில் ரிப்போர்ட் படங்களைப் போடாதீர்கள், பெயர் தெரியும். இவற்றை மட்டும் ஒரு ஃபைலில் வையுங்கள்: எத்தனையாவது வாரத்தில் கலைந்தது என்ற ஸ்கேன் சீட்டுகள், எந்தத் தேதியில் எந்த மருந்தில் இருக்கும்போது ரத்தம் எடுத்தது என்ற குறிப்பு, முதல் ரிப்போர்ட், 12 வாரம் கழித்து எடுத்த இரண்டாவது ரிப்போர்ட். முடிந்தவரை இரண்டும் ஒரே லேபில். வாத நோய் மருத்துவரையோ ரத்த நோய் மருத்துவரையோ பார்க்கப் போகும்போது இந்த ஃபைலோடு போங்கள். இரண்டாவது முறை லூபஸ் ஆன்டிகோயாகுலண்டுக்கு ரத்தம் கொடுக்க வார நாளில், காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை கொடுத்தால் பிளாஸ்மா திங்கள்வரை எங்கே, எந்தக் குளிரில் கிடக்கும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.